தேடல் பாதையில் ஒரு வரி

ஆற்று வெள்ளக் கண்காணிப்பு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள் ஒருத்திதான். எல்லோருக்கும் அவள் ‘சர்வர் அக்கா’. அவளைவிடப் பத்து வயது மூத்த தலைமைப் பொறியாளருக்கே சில சமயம் அந்தப் பெயர்தான் வாயில் வரும். கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். அவளுக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தாக வேண்டும். அவள் அலமாரியை அடுக்கிவைத்தால் ஒரு வாரத்துக்குத் தன் சட்டை தனக்கே கிடைப்பதில்லை என்று தையற்காரக் கணவர் கேலி செய்வார்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் கண்ணை உறுத்தியது சர்வரின் தேடல் பாதை. ஒரு கட்டளையின் பெயரைத் தட்டினால், அந்த நிரலை எந்தெந்த ஃபோல்டர்களில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் பட்டியல் அது. முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஓட்டிவிடும். பின்னால் அதே பெயரில் இன்னொன்று இருந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. வருடக்கணக்கில் ஆளாளுக்கு ஒரு வரி சேர்த்துவிட்டுப் போனதில், ஒன்பதே ஃபோல்டர்களுக்கு நாற்பத்தொரு பதிவுகள் ஆகியிருந்தன. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் பட்டியல்.

பன்னிரண்டு வரியில், பட்டியலைச் சுருக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒரே ஃபோல்டர் மறுபடி வந்தால் முன்னால் இருந்ததை நீக்கிவிட்டுப் பின்னால் வந்ததை அது வைத்துக்கொண்டது. ஒன்று மிஞ்சினால் சரி, எது மிஞ்சினால் என்ன என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. ஓட்டிப் பார்த்தாள். நாற்பத்தொன்று ஒன்பதாகச் சுருங்கியது. எந்தக் கட்டளையும் காணாமல் போகவில்லை. திருப்தியோடு சாப்பிடப் போனாள்.

புதிய நிரல்கள் இருந்த ஃபோல்டர் அந்தப் பட்டியலின் தலையிலும் இருந்தது, கடைசியிலும் இருந்தது. பழைய நிரல்களின் ஃபோல்டர் நடுவில். தலையில் இருந்த வரி போனதும் பழையது முந்திக்கொண்டது. இரண்டிலும் ஒரே பெயரில், ஆற்றின் உயரத்தைக் கணக்கிடும் நிரல் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பாலத்தடி அளவுகோலையும் அதன் சென்சாரையும் இடம் மாற்றியபோது கணக்கும் மாறியது. பழைய நிரலை மட்டும் யாரும் அழிக்கவில்லை. அது உண்மையான உயரத்தைவிட அறுபது சென்டிமீட்டர் குறைத்துச் சொல்லும். செவ்வாய்க்கிழமை ஆறு அடங்கிக் கிடந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கண்ணால் பார்த்த அளவையும் திரையின் அளவையும் ஒப்பிடுவது சனிக்கிழமைகளில் மட்டும்தான்.

புதன்கிழமை மேற்கே மலைப்பக்கம் மழை கொட்டியது. காலை பத்தரைக்குப் பாலத்திலிருந்து அளவுகோல்காரர் போன் செய்தார். முப்பது வருடமாக அந்தக் கோலையே பார்த்துக்கொண்டிருப்பவர். அனாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். திரையில் எவ்வளவு என்று கேட்டார். மூன்று நாற்பது என்றாள். இங்கே நாலு மீட்டரைத் தொட்டுவிட்டது, சைரன் ஏன் ஊதவில்லை என்றார். நாலைத் தொட்டால் சைரன் தானாக ஊத வேண்டும். ஊதினால் ஆற்றோரத் தெருவில் இருப்பவர்கள் மேலே ஏறிவிட அரை மணி நேரம் கிடைக்கும்.

அவள் திரையை நம்பினாள். கோலில் செத்தை ஏதாவது மாட்டியிருக்கும் என்று நினைத்தாள். ஒருவேளை சென்சாராக இருக்குமோ என்று அதன் இணைப்பையும் சோதித்தாள், பழுதில்லை. அதற்குள் போன் மறுபடி அடித்தது.

“நாலு இருபதும்மா. கண்ணாடி போட்டுக்கிட்டுதான் பாக்கறேன்.”

அதற்கு மேல் அவள் திரையைப் பார்க்கவில்லை. தலைமைப் பொறியாளரின் அறைக்கு ஓடினாள். அவர் கேள்வி கேட்காமல் சைரனின் கைவிசையை அழுத்தினார். அப்போது மணி பத்து ஐம்பத்திரண்டு.

அவள் கணவரின் தையற்கடை ஆற்றோரத் தெருவில்தான், முதல் மாடியில். அதற்கு நேர் கீழே, தெருவிலிருந்து நாலு படி இறங்கினால் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரின் அறை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஒரு கால் விளங்காது. நாலு படி ஏற அவருக்கு நிதானம் வேண்டும். சைரன் கேட்டுத் தையற்காரர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு இறங்கி வருவதற்கும், தண்ணீர் படிகளில் விழுவதற்கும் சரியாக இருந்தது. கதவு வெளிப்பக்கம் திறப்பது. தண்ணீரின் பாரத்தில் அசையவில்லை. தையற்காரரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து உடைத்தார்கள். உடைந்தபோது உள்ளே இருந்தவர் உயிரோடு இல்லை.

கணவர் பத்திரம் என்று சேதி வந்த பிறகுதான் அவளால் உட்கார முடிந்தது. கடிகாரக்காரரின் சேதியும் அதே போனில் வந்தது. உட்கார்ந்தபடியே, எந்த நிரலை ஓட்டுகிறாய் என்று சர்வரைக் கேட்டாள். ஒரு வரியில் பதில் வந்தது. பழைய ஃபோல்டர். திங்கட்கிழமை சுருக்கிய பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புதிய ஃபோல்டர் கடைசியில் கிடந்தது. வரிசையைத் திருத்திவிட்டு எழுந்தாள்.

தலைமைப் பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சென்சாரில் அடைப்பு என்று எழுதிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அவள் மேல் உள்ள பிரியம்தான். அவள் தலையாட்டி மறுத்தாள். தன் கையாலேயே அறிக்கையை எழுதிக் கொடுத்தாள். திரையை நம்பிக் கழித்த இருபத்திரண்டு நிமிடத்தையும் அதில் சேர்த்தாள்.

வீட்டில் கணவர் உள்ளங்கைகளில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, தினமும் பதினோரு மணிக்குத் தானும் கடிகாரக்காரரும் சேர்ந்துதான் டீ குடிப்பது என்றார்.

பத்து நாள் கழித்துக் கடிகாரக்காரரின் மனைவியைப் பார்க்கக் கிளம்பினாள். விசாரணை முடியட்டுமே என்று கணவர் சொல்லிப் பார்த்தார். விசாரணைக்காரர்கள் வாயால் அந்த அம்மா கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றாள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்த கைக்கடிகாரங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உரியவர்கள் வந்தால் கொடுக்க வேண்டுமாம். இவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

“நேரத்துக்கு ஊதியிருந்தா, அவர் ஏறி வந்திருப்பாரா?”

“வந்திருப்பாருக்கா.”

அந்த அம்மா கையிலிருந்ததைத் துடைத்து முடித்து டப்பாவுக்குள் வைத்தார்.

“நீங்களே வந்து சொன்னது பெரிய விஷயம்னு நாலு பேர் சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணல. போயிட்டு வாங்க.”

திரும்பி வரும்போது அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கை என்பது பிறகுதான் உறைத்தது.

விசாரணை மூன்று மாதம் நடந்தது. சர்வர் வேலையிலிருந்து அவளை எடுத்துப் பதிவேட்டுப் பிரிவில் போட்டார்கள். போவதற்கு முன்னால் ஸ்கிரிப்டைத் திருத்தித் தர அனுமதி கேட்டு வாங்கினாள். இப்போது அது முதலில் வந்ததை வைத்துக்கொண்டு, பின்னால் வருவதை மட்டுமே நீக்கும். அதோடு ஒவ்வொரு கட்டளையும் முன்பு எங்கிருந்து ஓடியது, இனி எங்கிருந்து ஓடும் என்று ஒப்பிடும். ஒன்று மாறினாலும் எதையும் தொடாமல் நின்றுவிடும். பழைய ஃபோல்டரை முழுதாக அழித்தாள். கண்ணளவையும் திரையளவையும் தினமும் காலையில் ஒப்பிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்படி ஓர் உத்தரவு வேண்டும் என்று முதலில் கடிதம் எழுதியவர் அளவுகோல்காரர்.

கோடை தொடங்கிய பிறகு ஒரு நாள் கடிகாரக்காரரின் மனைவி பதிவேட்டுப் பிரிவுக்கு வந்து நின்றார். என்னதான் நடந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அறிக்கையின் நகலை எடுத்து, முதலில் இருந்த பட்டியலையும் அவள் சுருக்கிய பட்டியலையும் காட்டினாள். எந்த வரி மேலே இருந்தது, எது மேலே வந்தது என்று விரல் வைத்துச் சொன்னாள். அந்த அம்மாவுக்கு அந்த எழுத்துகள் புரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வரியாகக் கீழேவரை பார்த்தார்.

“இவ்வளவுதானா?”

“ஆமாக்கா. இவ்வளவுதான்.”

அவர் அந்தக் காகிதத்தைக் கேட்டார். அவள் இன்னொரு நகல் எடுத்துக் கொடுத்தாள். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை அவள் கூடப் போனாள். அவர் வர வேண்டாம் என்று சொல்லவில்லை.