வெட்டிய வசனங்கள்

பக்கத்து வீட்டு மிச்சிகோ ஜப்பானில் டிவிக்கும் பிறகு சினிமாவுக்கும் திரைக்கதை எழுதியவர். இப்போது இங்கே மோர்னிங்சைடில் மகளோடு இருக்கிறார். என் குசினிக்கு வந்தால் வாய் ஓயாது. கேத்திலில் தண்ணீர் கொதிக்கிறது, நீ கதவைத் திறக்கிறாய் என்று கண்ணில் படுவதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குக் கண் இல்லையா?

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அங்கே டிவியில் வரும் காலைத் தொடர்களைச் சனங்கள் வீட்டுவேலை செய்தபடி காதால்தான் பார்ப்பார்களாம். அதனால் எல்லாவற்றையும் வசனத்தில் எழுதிப் பழகிவிட்டாராம். சினிமாவில் அந்த வசனங்களைத்தான் முதலில் வெட்டினார்களாம்.

நேற்றுப் பின்னேரம் நான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். என் முதுகுக்குப் பின்னால், ஜன்னலடியில், மிச்சிகோ மெல்லச் சொல்லத் தொடங்கினார். பனி கொட்டுகிறது. பஸ் ஸ்டொப் வெள்ளையாகிவிட்டது. சிவப்புத் தொப்பி போட்ட சிறுமி ஒருத்தி வானத்தை அண்ணாந்து பார்க்கிறாள். நான் திரும்பவில்லை. கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினேன். அவள் இமையில் பனி ஒட்டியிருந்தது.

என் கணவர் சபேசன் வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"ஜூலையில உப்பிடி ஒரு வெக்கை. ஜன்னலைப் பூட்டிப்போட்டு ஏசியைப் போடுமப்பா."

"கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். "அந்தப் பிள்ளைக்கு இன்னும் பஸ் வரேல்லை."