ஆணியில் ஒரு மழைக்கோட்டு

கத்திரி தொடங்கி நாலாம் நாள், உச்சி வெயிலில், உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து, "ஸ்வெட்டர் கீதாண்ணா?" என்று கேட்டாள் செவ்வந்தி. அட்டையால் விசிறிக்கொண்டிருந்த கடைக்காரர் விசிறுவதை நிறுத்தினார்.

"இன்னாம்மா கேட்ட?"

"ஸ்வெட்டருண்ணா. கம்பளில. ரெண்டு."

"டேய், எல்லாரும் இங்க வாங்கடா. ஊரே பனியனக் கழட்டிப் போட்டுனு கெடக்குது, இந்தப் பொண்ணுக்கு ஸ்வெட்டரு வோணுமாம். ஏம்மா, குளுரு ஜுரமா?"

கடை முழுக்கச் சிரித்தது. செவ்வந்திக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பு நியாயம்தான். இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து, மூன்றாம் எண்ணுக்கு நேரே, 'உத்திரமேரூரில் இல்லை, காஞ்சிபுரத்தில் கேட்க வேண்டும்' என்று எழுதிக்கொண்டாள்.

காகிதத்தில் பன்னிரண்டு உருப்படிகள் இருந்தன. முதுகுப்பை, தரைவிரிப்பு, கம்பளிச் சட்டை இரண்டு, குரங்குக் குல்லா, கித்தான் ஷூ, கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, தலைமூடியுடன் மழைக்கோட்டு, டார்ச்சு என்று போய், தட்டு டம்ளரில் முடிந்தது. வடக்கே, பனிமலை அடிவாரத்தில் பத்து நாள் நடைமுகாம். மாவட்டத்திலிருந்து எட்டுப் பேர். சாலவாக்கம் பக்கத்துக் காலனியில் பிளஸ் டூ முடித்து, அறிவொளி வகுப்பில் பத்தொன்பது பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த செவ்வந்தி, இரண்டு பக்கத்துக்கு மனு எழுதிப் போட்டிருந்தாள். எடுத்துக்கொண்டார்கள். இளைஞர் முகாம்களைக் கவனிக்கும் ஒற்றை அறை அலுவலகத்தில், குமாஸ்தா பஞ்சாட்சரம்தான் அந்தக் காகிதத்தை நீட்டினார்.

"எல்லாம் நீதான் ரெடி பண்ணிக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் ரயில்ல ஏத்த மாட்டாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து அழாத."

செவ்வந்தி அழுகிறவள் அல்ல, பட்டியல் போடுகிறவள். முகாமிலிருந்து வந்த துண்டுத்தாளில், காலையில் வெயில், மதியம் மழை, ராத்திரி உறைபனி, எல்லாம் ஒரே நாளில் வரலாம் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு, சாமான்களை வெயில், மழை, குளிர் என்று மூன்றாகப் பிரித்தாள். முதலில் தேவைப்படுவது மேலே இருக்கவேண்டும். மழை சொல்லிவிட்டு வராது, ஆகவே மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. குளிர் மெல்லத்தான் வரும், அது அடியில் கிடக்கலாம்.

பிரித்ததெல்லாம் சரி. சாமான் எங்கே?

முதுகுப்பைக்கு லாரிப் படுதாவின் கிழிந்த துண்டு ஒன்று கிடைத்தது. சாக்கு ஊசியால் மூன்று நாள் தைத்தாள். தோள்பட்டைக்குக் கட்டில் நாடா, இரண்டு மடிப்பு. அம்மா ஆண்டாளம்மாளின் கட்டிலில் இருந்தே உருவினாள்.

"இன்னாடி இது, என்னத் தரையில படுக்க வச்சிட்டு நீ மலையில ஏறப் போறியா?"

"பத்து நாளுதாம்மா. வந்து திருப்பிக் கட்டிக் குடுக்கறேன்."

"நல்லாக் கட்டுவ. கல்யாணங் கட்டிக்கடீன்னா காதுல வுழல, கட்டில் கட்றாளாம்."

ஸ்வெட்டரும் குல்லாவும் எதிர்வீட்டு ஆல்பர்ட்டிடம் இருந்து வந்தன. ஒரு கம்பெனியில் ராத்திரிக் காவல் பார்க்கிறவன். துவைத்துக் காயவைத்தும் பீடி நாற்றம் போகவில்லை. "பத்தரமா திரும்பி வர்ணும் செவ்வந்தி," என்றான். "ஸ்வெட்டரச் சொன்னேன், உன்ன இல்ல." அம்மா வளர்த்த வெள்ளாட்டுக் குட்டி கித்தான் ஷூவாகவும் காலுறையாகவும் மாறியது. ஆடு போன அன்று அம்மா, அது கட்டியிருந்த வெறும் முளைக்குச்சியைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள்.

மழைக்கோட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. "யூரியா பையில கொங்காணி போட்டுனு போடி, நாத்து நடுறப்ப நாங்கல்லாம் அப்பிடித்தான்," என்றாள் அம்மா. பையின் ஒரு மூலையை இன்னொன்றுக்குள் திணித்துத் தலையில் மாட்டிக்கொள்வது வயலுக்குப் போதும். மலைக்காற்றில் முதல் வீச்சிலேயே பறந்துவிடும். கையும் பொத்தானும் தலைமூடியும் வேண்டும். அது எப்படி வெட்டுவது?

அதற்கும் ஒரு விடை வந்தது. ஒரு சாயங்காலம் கோடைமழை சடசடவென்று பிடித்துக்கொள்ள, பேருந்து நிலையக் கூரையடியில் ஒதுங்கி நின்றாள். அப்போது பஞ்சாட்சரம் தன் டிவிஎஸ் ஐம்பதில் வந்து, மழைக்கோட்டோடு பக்கத்து டீக்கடையில் இறங்கினார். ஆரஞ்சு நிறம், புத்தம் புதுசு. அவர் வடை தின்று டீ குடிக்கும் வரைக்கும் செவ்வந்தி அந்தக் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தலைமூடி கழுத்தோடு எங்கே சேர்கிறது, அக்குளில் எவ்வளவு தளர்ச்சி, பொத்தானுக்கு மேலே தண்ணீர் இறங்காமல் ஒரு மடிப்பு எப்படி மூடுகிறது என்று பார்த்துப் பார்த்து மனதில் வரைந்துகொண்டாள். புறப்படும்போது அவரே அவளைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா அப்பிடிப் பாக்குற?"

"கோட்டு நல்லா கீது சார்."

"மெட்ராஸ்ல வாங்கனது," என்றார்.

நாலு யூரியா பைகள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையைக் கழுவி அதையே உள்துணியாகக் கொடுத்துத் தைத்தாள். முதுகில் நீல எழுத்தில் 'நைட்ரஜன் 46%' என்று நின்றது. கிணற்றடியில் நின்றுகொண்டு அம்மாவை இரண்டு குடம் ஊற்றச் சொன்னாள். மூன்றாவதை அம்மா தன் ஆசைக்கு ஊற்றினாள். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பிறகு பைக்குள் பன்னிரண்டு கிலோ விதைநெல்லைப் போட்டுக்கொண்டு, விடிகாலையில் ஏரிக்கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். "எங்கமே மூட்டையத் தூக்கினு, செங்கச் சூளைக்கா?" என்று கேட்டவர்களுக்கு, "இல்லக்கா, இமயமலைக்கு," என்றாள். அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கும் அவள் கோபப்படவில்லை.

ரயிலுக்கு இரண்டு நாள் இருக்கையில், உடல்தகுதிச் சான்றுக்குக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரிசையில் முன்னால் நின்றவள் காவியா, மதுராந்தகம் பக்கத்துப் பெண், அதே முகாமுக்கு வருகிறவள். காலடியில் புதுப் பை. அதன் வாயில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ எட்டிப் பார்த்தது.

"எங்க வாங்கின இத?"

"வாங்கறதா? கவர்மெண்டே குடுத்தாங்களே. எட்டுப் பேருக்கும் பன்னெண்டு ஐட்டம். உனுக்கு வர்லியா?"

காவியா கோட்டை உருவிக் காட்டினாள். கழுத்தில் அதே சேர்ப்பு. அக்குளில் அதே தளர்ச்சி. பொத்தானுக்கு மேல் அதே மடிப்பு. செவ்வந்தி அந்த மடிப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். மருத்துவர் அவள் நாடியைப் பிடித்துவிட்டு, "ஓடி வந்தியா?" என்று கேட்டார்.

மறுநாள் மதியம், எல்லாச் சாமானும் அடைத்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். பஞ்சாட்சரம் தனியாக இருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் ஆணி. ஆணியில் அந்தக் கோட்டு.

"இன்னாம்மா, ரெடியாயிட்டியா? லெட்டரு டிராயர்ல கீது. அதக் காட்னாத்தான் நாளைக்கி ரயில்ல ஏத்துவாங்க."

"சார், மத்தவங்களுக்கெல்லாம் சாமான் குடுத்துகீறாங்க. எனுக்கு வர்ல."

"உனுக்கும் குடுத்தாச்சே. ரிஜிஸ்டர்ல கீது. மறந்துட்டிருப்ப."

"இம்மாம் பெரிய பைய யாருனா மறப்பாங்களா சார்?"

அவர் சலித்துக்கொண்டு ரிஜிஸ்டரை எடுத்தார். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காட்டுகிற தோரணையில் ஒரு பக்கத்தைத் திறந்து, விரலால் தட்டி, "தோ, பாத்துக்க," என்று மூடப்போனார். செவ்வந்தி உள்ளங்கையை நடுவில் வைத்துவிட்டாள். உரக்கவே படித்தாள். முதுகுப்பை ஒன்று, பெற்றுக்கொண்டேன். தரைவிரிப்பு ஒன்று, பெற்றுக்கொண்டேன். ஷூ ஒரு ஜோடி, பெற்றுக்கொண்டேன். அந்த இடத்தில் அடுப்பில் எரிந்த முளைக்குச்சி ஞாபகம் வந்தது. நிறுத்தாமல் பன்னிரண்டு வரைக்கும் படித்தாள். அடியில், 'செவ்வந்தி, சாலவாக்கம், இடது பெருவிரல் ரேகை.' பக்கத்தில் ஊதா மையில் கொழுத்த ஒரு கைநாட்டு.

கைநாட்டு!

திருட்டைக்கூட ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருப்பாள். எடுத்தவன் அவள் கையெழுத்தைப் போலப் போட்டிருந்தால், அவளுக்கென்று ஒரு கையெழுத்து உண்டு என்றாவது ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். அதற்குக்கூட இந்த மனுஷனுக்கு மெனக்கெடத் தோன்றவில்லை. காலனிப் பொம்பளைதானே, ஒரு விரல் போதும். இவள் எழுதிய இரண்டு பக்க மனு அதோ அந்த அலமாரியில்தான் இருக்கிறது. அதை மேலே அனுப்பியவர் இவர்தான். ஒரு வரியாவது படித்திருப்பாரா? ஆண்டாளம்மாள் தன் பெயரை எழுத மூன்று மாதம் பிடித்தது. 'எனுக்கு யார்டி இத்தினி ள வச்ச பேரு வச்சது' என்று சிலேட்டை இரண்டு முறை விட்டெறிந்தாள். பிறகு ஒரு நாள் ரேஷன் கடையில், நீட்டிய மைப்பெட்டியைப் புறங்கையால் தள்ளிவிட்டுப் பேனா கேட்டாள். பின்னால் வரிசை முணுமுணுக்க முணுமுணுக்க, நின்று நிதானமாக எழுதி முடித்தாள். அப்படிப்பட்டவளின் மகள் பெயருக்கு நேரே இது.

"இந்த ரேகை யாருது சார்?"

பஞ்சாட்சரம் வாசலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிம்மா. இப்ப இன்னா ஆயிப்போச்சு? ஷூவு என் பொண்ணு போட்டுனுகீது, அது வுடு. கோட்டும் பையும் எடுத்துக்க. இதுக்குக் கீழ ஒரு கையெழுத்து போட்டுட்டு லெட்டர வாங்கிக்கினு கெளம்பு. உனுக்கு ஹிமாலயா பாக்கணுமா, இந்தப் பஞ்சாட்சரத்தப் பாக்கணுமா, சொல்லு."

ரிஜிஸ்டரை அவளிடம் தள்ளிவிட்டுப் பேனாவையும் கொடுத்தார்.

அவள் அந்தப் பேனாவை வாங்கவில்லை. தன் பேனாவை எடுத்தாள். கைநாட்டுக்குக் கீழே, வகுப்பில் கரும்பலகைக்கு எழுதுகிற அதே வட்டமான எழுத்தில், 'மேற்கண்ட பன்னிரண்டில் ஒன்றும் நான் பெறவில்லை. மேலே உள்ள ரேகை என்னுடையது அல்ல,' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, முழுப் பெயரைக் கையெழுத்திட்டாள். அதோடு விடவில்லை. மேசைமேல் இருந்த மைப்பெட்டியைத் திறந்து இடது கட்டைவிரலை அழுத்தினாள்.

"ஏய், ஏய், இன்னா பண்ற நீ!"

அவர் எட்டுவதற்குள் பதித்தாயிற்று. பழைய ரேகைக்குப் பக்கத்திலேயே, ஒல்லியாக, சாக்கு ஊசி குத்திய வடுவோடு.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கீது சார். தெரிஞ்சவங்க யாருனா பாத்து சொல்லட்டும். இன்னொரு விரலும் வோணும்னா, அது எங்க கீதுன்னு உங்களுக்கே தெரியும்."

பஞ்சாட்சரம் தன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அந்த ரிஜிஸ்டரில் பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருந்தது. கிழித்தால் கிழித்தது தெரியும். அவர் டிராயரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

"நாளைக்கி நீ எப்பிடி ரயில் ஏர்றன்னு நானும் பாக்கறேன்."

"பாருங்க சார். லெட்டரு வர்ற வரிக்கும் நான் வெளியதான் ஒக்காந்துனு இருப்பேன்."

வராந்தாவில் ஒரு பெஞ்சு. பையை இறக்காமலே உட்கார்ந்தாள். கட்டில் நாடா தோளை அறுத்தது. ஏரிக்கரையில் பழகிய வலிதான். கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. விட்டுவிட்டாள். மூன்று மணி ஆயிற்று. நாலு ஆயிற்று. வெயில் வெள்ளையாக அடித்து, திடீரென்று செத்தது. மேற்கே இருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று வந்தது. பக்கத்து அறைக்காரர்கள் ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஓடினார்கள். முதல் துளி பெஞ்சில் விழுந்ததும், செவ்வந்தி பையை முன்னுக்கு இழுத்து வாயைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. கையை நுழைத்து, பொத்தானைப் போட்டு, தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள். கோடைமழை வராந்தாவுக்குள் சரிந்து சரிந்து அடித்தது. யூரியா பைமேல் அது படபடவென்று கொட்டிய சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டிருக்கும்.

ஐந்தரைக்குப் பஞ்சாட்சரம் வாசல்படிக்கு வந்தார். அவருடைய டிவிஎஸ், வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டிருந்தது. வானத்தைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். திரும்பி அறைக்குள் சுவரைப் பார்த்தார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வெளியேயும் போகாமல் உள்ளேயும் போகாமல் நின்றார். சட்டைப்பையில் சாவி கனத்தது போலிருக்கிறது, ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மழை வலுத்தது. அவருக்குப் பின்னால், ஆணியில், ஆரஞ்சுக் கோட்டு ஒரு துளி படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.