கிழிந்திருக்க வேண்டிய தோள்பட்டை

படப்பிடிப்பில் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். முந்தின ஷாட்டில் நாயகியின் கூந்தல் எந்தத் தோளில் கிடந்தது, மெழுகுவத்தி எவ்வளவு உருகியிருந்தது, அரசனின் கோப்பையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று பார்த்துப் படம் எடுத்துக் குறித்து வைப்பது அவள் வேலை. காட்சிகளை முன்பின்னாகத்தான் எடுப்பார்கள். ஒட்டும்போது ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அவள் தலைதான் உருளும். பதினாறு வருடமாக அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பொத்தான்கூடத் திரையேறியதில்லை. முப்பத்தெட்டு வயதில் அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

இந்தப் படம் அறுநூறு வருடத்துக்கு முந்தைய கதை. கோட்டைக்காரர்களின் இளவரசியும், அவர்களோடு மூன்று தலைமுறையாக வெட்டிக்கொள்ளும் மேய்ச்சல் நிலத்துக் குதிரைவீரன் ஒருவனும் காதலித்துச் சாகிறார்கள். கதையைப் படித்துக் காட்டிய அன்று லைட்காரர்கூட மூக்கைச் சிந்தினார்.

படத்துக்கு நாற்பது குதிரைகளைக் கொண்டுவந்தவர் அவளுடைய அண்ணன். குதிரைகளுக்கும் ஓட்டுகிறவர்களுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். தங்கை, வீட்டில் சின்னவள், துணிப்பிரிவில் தையல் வேலை. ஓட்டுகிறவர்களில் ஒருவன் மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தவன். எல்லோருக்கும் அவன் அக்கரை. பதினொரு வருடத்துக்கு முன் நடந்த கலவரத்தில் அந்தப் பக்கத்தவர்கள் இந்த மூவரின் அப்பாவைப் பாலத்தில் வைத்து வெட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும் இந்தப் பக்கத்தவர்கள் வெட்டிய கணக்கை வீட்டில் யாரும் பேசுவதில்லை. கம்பெனி கேட்டதற்காக அண்ணன் அக்கரையைச் சேர்த்துக்கொண்டார். "குதிர ஓட்டத்தான கூப்பிட்டோம், வீட்டுக்கா கூப்பிட்டோம்" என்றார்.

சின்னவள் தனக்கும் அக்கரைக்கும் உள்ள விஷயத்தை அக்காவிடம் சொன்னது, இருவரும் தங்கியிருந்த அறையில், ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே.

"எத்தன நாளா?"

"மழைக்கு ஷூட்டிங் நின்னுச்சே, அப்போலேர்ந்து."

"உலகத்துல வேற ஆம்பளயே கெடைக்கலயா உனக்கு?"

"கெடச்சா மொதல்ல உனக்குத்தானக்கா பாத்திருப்பேன்."

இருவருமே சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அவளுக்குள் அந்த வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அம்மா போன பிறகு சின்னவளைத் தலைசீவி, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சலில் மடியில் போட்டு வளர்த்தவள் அவள். தனக்கு வந்த இரண்டு வரன்களையும் அதற்காகவே தட்டிக்கழித்தாள் என்று ஊர் பேசியது. உண்மையில் அந்த வரன்கள்தான் அவளைத் தட்டிக்கழித்தன.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா அவர உயிரோட விடமாட்டாரு" என்றாள் சின்னவள். "இன்னும் ஒம்பது நாள்தான். படம் முடிஞ்சதும் நாங்க கெளம்பிடுவோம். அதுவரைக்கும் நீ வாயத் தெறக்காம இருந்தாப் போதும்."

"எனக்கென்ன, நான் ஏன் தெறக்கப்போறேன்."

அந்தப் பேச்சுக்கு நான்காம் நாள், இளவரசியும் வீரனும் கோட்டை வாசலில் பிரிகிற காட்சி. மானிட்டருக்குப் பின்னால் நின்ற அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், ரெண்டும் என்ன பாவம் பண்ணுச்சு" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். அவள் அதைப் பார்த்தாள். ஒரு கணம், சொல்லிவிட்டால்கூட ஒன்றும் ஆகாதோ என்று தோன்றியது. பிற்பாடு எத்தனையோ முறை அந்தக் கணத்தைத் தோண்டிப் பார்த்தாள். கிணறு வெட்டுகிற மாதிரி தோண்டியும் அடியில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

அடுத்த ஷாட்டுக்கு வீரர்கள் வரிசையாக நின்றார்கள். அக்கரையின் அங்கி, கதைப்படி முதல் போரில் இடது தோளில் கிழிந்தது. படம் முடியும்வரை அது கிழிந்தே இருக்க வேண்டும். இப்போது அந்தக் கிழிசல் மூடியிருந்தது. பொடிப்பொடியான தையல், ஓரத்தில் குறுக்கே இரண்டு இழை இழுத்து முடிச்சு. காலைக் குளிரில் அவன் தோள் நடுங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல் சின்னவள் தைத்துவிட்டாள். படத்துக்காகத் துணியைக் கிழிப்பதும் அவள் வேலைதான். ஆனாலும் அவனுடைய துணி கிழிந்திருப்பது அவளுக்குத் தாங்கவில்லை.

அக்காவின் கண் அதைப் பிடித்தது. கண் பிடித்ததை வாய் சொல்லிவிடும், பதினாறு வருடப் பழக்கம்.

"அந்தத் தோள யாரு தச்சது? நேத்து கிழிஞ்சிருந்துச்சே."

முழு மைதானமும் திரும்பியது. யாரோ ஒருத்தர், "கழுகு கொத்திருச்சுடா" என்றார். சிரிப்பு. அக்கரையும் சிரித்தான். நல்ல பல்வரிசை அவனுக்கு. தையலைக் கையால் மூடிக்கொண்டான். அந்தச் சிரிப்புக்கு நடுவே அண்ணன் நடந்து வந்து, அவன் கையை மெதுவாக விலக்கி, தையலின் மேல் கட்டை விரலை ஓட்டினார். குறுக்கே இரண்டு இழை போட்டு முடிகிற வழக்கம் அம்மாவுடையது. அம்மாவுக்குப் பிறகு சின்னவள் தைத்த அண்ணனின் சட்டைகள் எல்லாவற்றிலும் அந்த முடிச்சுதான்.

"நல்லாத் தச்சிருக்கு" என்றார். துணிப்பிரிவில் யாரோ கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தார்கள். சின்னவள் அப்போது அங்கே இல்லை. மூடிய லாரியில் கோட்டைக்காரர்களின் உடைக்குப் பித்தளை வளையம் கோத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவள் சின்னவளிடம் சொல்லியிருக்கலாம். இன்றைக்கே கிளம்புங்கள் என்ற ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால், நான்தான் ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அண்ணன் கவனித்திருக்க மாட்டார், ஆண்களுக்குத் தையல் எங்கே தெரியும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் அண்ணன் அக்கரைக்குத் தன் கையால் டீ வாங்கிக் கொடுத்தார். பார்த்தாயா என்று மனது அவளைத் தட்டிக்கொடுத்தது. இரண்டு நாள் அப்படியே போனது.

மூன்றாம் நாள் படையெடுப்புக் காட்சி. நாற்பது குதிரைகளும் சரிவில் இறங்கி வர வேண்டும். வழக்கம்போல அவள் ஒவ்வொருவரையும் காலையில் ஒருமுறை, டேக்குக்கு முன் ஒருமுறை படம் எடுத்தாள். நடுவில் அண்ணன் ஒவ்வொரு குதிரையாகச் சேணத்தைச் சரிபார்த்துக்கொண்டு போனார். அக்கரையிடம் வந்தபோது அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் கேமராவை அமுக்கிவிட்டு அடுத்த குதிரைக்கு நகர்ந்தாள். எடுத்த படத்தைப் பார்க்காமல் விட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சரிவின் பாதியில் அக்கரையின் சேணம் பக்கவாட்டில் சுற்றியது. அவன் குதிரையின் வயிற்றுக்கடியில் போனான். பின்னால் இருபது குதிரைகள். மானிட்டரில் பார்த்த இயக்குநர், "பிரமாதம், பிரமாதம், விடாதீங்க" என்றார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. 'கட்' என்று அலறியது அவள்தான். அதைச் சொல்லும் உரிமை அவளுக்குக் கிடையாது.

ஓடிப் போய்ப் பார்த்தவர்கள் உடலை மூட ஒரு விரிப்பு கேட்டார்கள். துணிப்பிரிவிலிருந்து அதை எடுத்துக்கொண்டு ஓடியவள் சின்னவள். யாருக்கு என்று தெரியாமலே எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் விசாரிக்க வந்த அதிகாரி, கம்பெனிக் கூடாரத்தில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்தார். களைத்த மனிதர், பேனாவை மூடியிலிருந்து எடுக்கவே யோசித்தார். அண்ணன் எதிரே கைகட்டி நின்றார். சின்னவள் கூடார ஓரத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. விரல் நகத்தில் காய்ந்திருந்த ரத்தக் கறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"விபத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்கதான் எல்லாத்தயும் குறிச்சு வெப்பீங்களாமே. ஏதாவது வித்தியாசம் பாத்தீங்களா?"

அண்ணன் அவளைப் பார்த்தார். மிரட்டவில்லை. அப்பாவின் உடலை வாங்கப் போன அன்று, 'நீ உள்ளே வராதே' என்று சொன்னபோது இருந்த அதே முகம். அன்றிலிருந்து வீட்டுக்கு அரிசியும் சின்னவளுக்குப் படிப்பும் அந்த முகம்தான்.

அவள் இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்தாள்.

"இது காலைல. வயித்துப் பட்ட நாலாவது ஓட்டைல இருக்கு. இது டேக்குக்கு முன்னாடி. ரெண்டாவது ஓட்ட. அவ்வளவு தளர்வா இருந்தா சேணம் சுத்திரும்."

"நடுவுல தொட்டது யாரு?"

"எங்க அண்ணன்."

அண்ணன் தரையைப் பார்த்தார். "அப்பாவ ஒரு நிமிஷம் நெனச்சியா நீ" என்றார், மிகவும் மெல்ல. மறுத்துப் பேசவில்லை.

அதிகாரி இப்போதுதான் எழுத ஆரம்பித்தார். "காரணம்?"

"என் தங்கச்சிய அந்தப் பையன் கட்டிக்கிறதா இருந்தான்."

"அது இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். அதிகாரிக்கு அது பெரிய விஷயமில்லை. ஒரு வரியை விட்டுவிட்டு மேலே போயிருப்பார். நேற்றிலிருந்து சின்னவள், அண்ணனிடம் சொன்னது யார் என்று இருபது பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். டீக்காரனை, லாரி டிரைவரை, மேக்கப்காரம்மாவை. அக்காவை மட்டும் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. காலையில்கூட அவள் தோளில்தான் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே தோள்.

"நான்தான் காட்டிக்குடுத்தேன்" என்றாள். "அவன் அங்கில தங்கச்சி போட்ட தையல எல்லார் முன்னாடியும் கேட்டேன்."

"வாய் தவறியா?"

சின்னவள் நகத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அது எனக்குத் தெரியல. எவ்வளவோ யோசிச்சுட்டேன். நீங்க அத எழுதாதீங்க, இத எழுதுங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள் இருந்துச்சு. இவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பாங்க. என்னயத் திட்டுவாளேன்னு சொல்லாம இருந்துட்டேன்."

அதிகாரி எழுதி முடித்தார். பிறகு பெட்டி கிறீச்சிட்டது. சின்னவள் எழுந்து, அண்ணனைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், மேசையருகே வந்தாள்.

"அவங்க அம்மாவுக்கு யாராச்சும் சொல்லிட்டாங்களா சார்?"

"இன்னும் இல்லம்மா. பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்க ஆளுங்க போக யோசிக்கிறாங்க."

"நான் போறேன்."

"தனியாவா? நீ யாருன்னு தெரிஞ்சா அங்க உன்ன என்ன செய்வாங்களோ."

"தெரியட்டும்" என்றாள் சின்னவள். "நானே சொல்லிக்கிறேன்."

அவள் செருப்பைத் தேடாமல் வெளியே நடந்தாள். பின்னாலேயே எழுந்த அக்கா கூடார வாசல்வரைக்கும் வந்தாள். கூப்பிட வாய் திறந்தாள். எந்த உரிமையில் கூப்பிடுவது என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து அதிகாரி, "இங்க ஒரு கையெழுத்து போடணும்" என்றார்.