வெளியே வராத குளிர்

உதட்டை நனைக்க வந்த பஞ்சை நார்மன் முகத்தைத் திருப்பி ஒதுக்கினார்.

“எத்தனை டிகிரி?”

“உனக்கு ஜுரமெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றாள் மனைவி பெரில்.

“எனக்கான்னு யாரு கேட்டா? வெளியில எத்தனை?”

லின்ஸி எழுந்து, ஜன்னலுக்கு வெளியே ஆணியில் தொங்கிய வெப்பமானியை எட்டிப் பார்த்தாள். மதியம் பன்னிரண்டரைக்கே முப்பத்திரண்டு. அறுவடைக்கு நின்ற கோதுமை வயல்களின் மேல் காற்று கானல் கட்டி ஆடியது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் இந்தக் கோடையில் பார்த்த ஒன்பது வெயில் நாட்களில் இதுதான் உச்சம்.

“முப்பத்திரண்டுப்பா.”

நார்மனின் கண்கள் திறந்தன. மூன்று நாட்களாக அப்படித் திறந்ததில்லை.

“அப்ப இன்னிக்குத்தான்,” என்றார்.

லின்ஸி சட்டென்று திரும்பினாள். காலையில் வந்த நர்ஸும் சமையலறையில் குரலைத் தாழ்த்தி இதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ‘இன்னிக்கு. மிஞ்சிப் போனா நாளைக்கு.’

ஆனால் நார்மன் சொன்னது அது இல்லை.

“மோரீன் கடைக்குப் போ. மூணு மணிக்குத்தான் வெயில் உச்சத்துல இருக்கும். அப்ப பாக்கணும். பால் ஃப்ரிட்ஜ்ல கீழேருந்து ரெண்டாவது தட்டு, முன் வரிசை. ஒரு தண்ணி பாட்டிலுக்குள்ள வெப்பமானி விட்டு வெச்சிருக்கேன். நான் கை வைக்கறதுக்கு முன்ன ஒன்பது காட்டிச்சு. இப்ப அஞ்சுக்குக் கீழ இருக்கணும்.”

“போன் பண்ணிக் கேக்கறேன்.”

“அவ ‘ஒரு அஞ்சு இருக்கும்’பா. ஒரு அஞ்சுங்கறது அளவா? நீ உன் கண்ணால பாரு.”

நாற்பத்தொரு வருஷம் கடை கடையாகப் போய் ஃப்ரிட்ஜ் பழுது பார்த்தவர் நார்மன் ஹோல்ட்பி. லின்ஸி பிறந்த அன்று அவர் ஒரு மீன் கிடங்கில் இருந்தார். அவள் கல்யாணத்தில், கேக் வெட்டுவதற்கு முன்பே ஏதோ ஒரு ஊரில் ஐஸ்கிரீம் பெட்டி நின்றுபோனதென்று கிளம்பிவிட்டார். ‘ஃப்ரிட்ஜ் மூத்தவ, நீ இளையவ’ என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். லின்ஸி சிரித்ததில்லை.

“இன்னிக்குமாப்பா? இன்னிக்கு ஒரு நாள் நான் உன் பக்கத்துல உக்காந்திருக்கக் கூடாதா?”

“உக்காந்து என்ன பண்ணப் போற? என்னையே பாத்துட்டிருப்ப. பாக்க ஒண்ணுமில்ல.” மூச்சு வாங்கினார். “இத விட்டா எனக்கு ஏது இன்னொரு வெயிலு?”

பெரில் மகளைப் பார்த்து, போ என்பதாகத் தலையசைத்தாள்.

மோரீன் கடை இருக்கும் ஸ்கார்த்பிக்கு நாலு மைல். லின்ஸி அப்பாவின் காரை விரட்டினாள். பின் சீட்டில் அப்பாவின் கருவிப் பை கிடந்தது. சந்தன ஊதுபத்தி வாசனை கார் முழுவதும் நிறைந்திருந்தது. அவர் போகிற இடமெல்லாம் அந்த வாசனை போகும். எதற்கென்று அவள் கேட்டதேயில்லை.

கதவில்லாத ஃப்ரிட்ஜ். அதுதான் அப்பாவின் தீராத தலைவலி. கடைக்காரர்களுக்குக் கதவு பிடிக்காது; கை நீட்டினால் பால் வர வேண்டும். அதனால் பெட்டியின் மேல் உதட்டிலிருந்து குளிர்ந்த காற்று ஒரு விரிப்பு போலக் கீழே விழும், காலடியில் இருக்கும் கம்பி வலை அதை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் காற்றுத் திரைதான் கதவு. ஆனால் அது ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் தடுக்கி, நடைபாதையில் கொட்டிவிடும். ஜூலைக் கோடையிலும் பால் வாங்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போவது அதனால்தான்.

ஓய்வு பெற்ற ஆறு வருஷமும் நார்மன் கராஜில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வளைத்துக்கொண்டிருந்தார். பறவைச் சிறகை நறுக்கியது போன்ற மெல்லிய பட்டைகள். தட்டு விளிம்பில் மாட்டினால் தடுக்கும் காற்றைத் தாங்கிப் பிடித்து, மறுபடி நேராக்கிக் கீழே அனுப்பும் என்றார். பழைய கம்பெனியில், ‘பாக்க லட்சணமா இருக்கு நார்மன்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மோரீன் மட்டும்தான் சரி என்றாள். இரண்டு வாரத்துக்கு முன்னால், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு பட்டைகளையும் மாட்டிவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

கடை மணி கிணுகிணுத்தது.

உள்ளே கால் வைத்ததும் லின்ஸியின் கெண்டைக்காலில் சில்லென்று காற்று மோதியது. ஃப்ரிட்ஜுக்கு எதிரே நாலைந்து பேர் கும்பலாக நின்றிருந்தார்கள். நடுவில், மடக்கு நாற்காலி போட்டு, பூட்ஸைக் கழற்றி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் உருளைக்கிழங்கு பயிரிடும் வில்ஃப். கல்லாவில் மோரீன், கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தாள்.

கல்லா மேல், ரப்பர் பேண்டில் கட்டி, பன்னிரண்டு பட்டைகள்.

“மோரீன்!” லின்ஸி கல்லாவுக்குப் பாய்ந்தாள். “ஏன் கழட்டினீங்க?”

“ஐயோ கண்ணு, நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். இந்த நேரத்துல எப்படிச் சொல்றதுன்னு...” மோரீன் கையைப் பிசைந்தாள். “வெயில்னா ஊரே இங்கதானே ஒதுங்கும்? காலையில வந்து நின்னாங்க. காலுல சில்லுனு ஒண்ணுமே காணோம். ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சுன்னு வில்ஃப்தான் சொன்னான்.”

“செத்துத்தான் போயிருந்துச்சு,” என்றார் வில்ஃப். “அரை மணி உக்காந்தேன். என் கட்டை விரல் சாட்சி.”

“பாலெல்லாம் கெட்டுடுமேன்னு பயந்துட்டேன். பன்னெண்டு மணிக்குக் கழட்டினேன். கழட்டின உடனே குளிரு குபுகுபுன்னு வந்துச்சு. இப்ப நல்லா இருக்குல்ல?”

லின்ஸி குனிந்து, கீழிருந்து இரண்டாவது தட்டைப் பார்த்தாள். பாட்டிலுக்குள் வெப்பமானி. ஏழு புள்ளி இரண்டு.

“கழட்டறதுக்கு முன்னாடி இதுல எவ்வளவு இருந்துச்சு?”

“நான் எங்க பாத்தேன்? ஒரு அஞ்சு இருக்கும்.”

லின்ஸிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அப்படியே நின்றாள். காலில் குளிர் வழிந்துகொண்டே இருந்தது.

பளிச்சென்று உறைத்தது. காலில் படும் இந்தக் குளிர் பாலுக்குச் சேர வேண்டியது. காலையில் இவர்கள் காலில் ஒன்றும் படவில்லை என்றால்?

மணி ஒன்று பத்து. ரப்பர் பேண்டை அறுத்து எறிந்தாள்.

பட்டைகளின் பின்னால் பென்சிலால் எண்ணும் அம்புக்குறியும் போட்டிருந்தார். கை நடுங்கி எழுதிய எண்கள். ஒன்று. இரண்டு. மூன்று. விளிம்பில் வைத்து அழுத்தினால் டக்கென்று உட்கார்ந்தது. ஏழாவதைத் தலைகீழாக மாட்டி, பிடுங்கி, திருப்பி மாட்டினாள். நகம் பிய்ந்தது. வில்ஃப் வெறுங்காலோடு எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார்.

பன்னிரண்டாவது டக்கென்றது. கெண்டைக்காலில் குளிர் நின்றது.

“பாத்தியா? மறுபடி செத்துப்போச்சு,” என்றார் வில்ஃப்.

லின்ஸி காருக்கு ஓடி, கருவிப் பையைத் தூக்கிவந்து கொட்டினாள். ஸ்பேனர், டார்ச், கசங்கிய ஊதுபத்திக் கட்டு. எதற்கென்று இப்போது புரிந்தது. ஒன்றைக் கொளுத்தி, கையை உயர்த்தி, ஃப்ரிட்ஜின் மேல் உதட்டருகே பிடித்தாள். இன்னொரு கையில் டார்ச்.

புகை மேலே போகவில்லை.

கீழே விழுந்தது. நேராக, இழை பிரியாமல், சலவை செய்த வெள்ளைத் துணி கொடியில் தொங்குவது போல விழுந்தது. முதல் தட்டின் விளிம்பில் தொட்டுத் தொடாமல் வளைந்தது. இரண்டாவதில் வளைந்தது. பால், வெண்ணெய், சாஸேஜ் பொட்டலங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு திரை நின்றது. காலடிக் கம்பி வலைக்குள் கடைசி இழை வரை நுழைந்து மறைந்தது. ஒரு சுருள் கூட நடைபாதைக்கு வரவில்லை.

கையை ஆட்டிப் பார்த்தாள். திரை கலங்கியது. ஒரு நொடிதான். தானே சேர்ந்துகொண்டது.

வில்ஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

“இது... எப்பவும் இங்க இருந்துச்சா?” என்றாள் மோரீன், மெதுவாக.

“எப்பவும்,” என்றாள் லின்ஸி.

நாற்பத்தொரு வருஷம், கேக்கையும் பிறந்தநாளையும் விட்டுவிட்டு அவர் எதைப் பார்க்கப் போனார் என்று இன்றுதான் பார்த்தாள்.

ஆறு புள்ளி ஐந்து. ஆறு. வெப்பமானி அவசரப்படவில்லை. சுவருக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் ஒரு முறை நின்று ஓய்வெடுத்தது. இத்தனை வெயிலில் அது நின்று தான் கேட்டதே இல்லை என்றாள் மோரீன். கழுத்துப் பொத்தானை அவிழ்த்தவள், கொஞ்ச நேரத்தில் கம்பளிச் சட்டையையே கழற்றி ஆணியில் மாட்டினாள்.

இரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. அம்மா.

“லின்ஸி, அப்பாவுக்கு மூச்சு மாறிடுச்சு.”

வெப்பமானியில் ஐந்து புள்ளி இரண்டு. இப்போதே கிளம்பிப் போய், நாலு புள்ளி ஏதோ என்று ஒன்றைச் சொல்லிவிடலாம். அவருக்குத் தெரியவா போகிறது?

“என்னம்மா சொல்றார்?”

“ஒண்ணும் சொல்லல. மணி என்னன்னு மட்டும் கேட்டார்.”

லின்ஸி கண்ணை மூடித் திறந்தாள். “மூணாகலன்னு சொல்லு,” என்றாள்.

அவள் வாழ்நாளிலேயே நீளமான இருபது நிமிஷம் அது. கடையில் எல்லோரும் ஃப்ரிட்ஜிலிருந்து இரண்டடி தள்ளி, வியர்த்து வழிய, நின்றிருந்தார்கள். கிட்டே போனால் திரை கலையும் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே தள்ளி நின்றார்கள்.

சர்ச் மணி மூன்றடித்தது. குனிந்தாள். நாலு புள்ளி ஏழு. கடை வாசல் வெப்பமானியில் முப்பத்துநாலு.

போன் போட்டாள். அம்மா எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை.

காரில் பறந்தாள். இரண்டாவது வளைவில் சாலையை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு அறுவடை இயந்திரம், நத்தை வேகத்தில். ஹாரன் அடித்தாள். ஓட்டுகிறவனுக்குக் காதில் ஏதோ பாட்டு. ஒரு மைல். புழுதியும் வைக்கோல் தூசும் கண்ணாடியில் படிந்தன. ‘நாலு புள்ளி ஏழு, நாலு புள்ளி ஏழு’ என்று வாய் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள், தொலைத்துவிடக் கூடாத ஒன்றைப் போல.

வீட்டு வாசலில் காரை அணைக்காமலே இறங்கி ஓடினாள்.

பெரில் நார்மனின் கையைப் பிடித்தபடி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். போன், தரையில் அடித்து ஓய்ந்து கிடந்தது. மேசை விசிறி சுழன்றது. ஜன்னலின் வலைத் திரை உப்பி உப்பி அடங்கியது.

“அப்பா. நாலு புள்ளி ஏழு.”

இமை அசைந்தது. உதடு பிரிய நேரமாயிற்று.

“எத்தனை... மணிக்கு?”

“சரியா மூணு.”

“வெளியில?”

“முப்பத்துநாலு. நானே பாத்தேன்.” முழங்காலிட்டு அவர் காதருகே குனிந்தாள். “பன்னெண்டு பட்டையையும் மோரீன் கழட்டி வெச்சிருந்தாப்பா. நாந்தான் மாட்டினேன்.”

புருவம் நெரிந்தது. “ஏன்?”

“காலுல குளிரே படலையாம். ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சுன்னு ஊரே கூடிப் பேசி முடிவு பண்ணிடுச்சு.”

நார்மனின் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்துப் பெரில் பதறி எழுந்தாள். இருமல் இல்லை. சத்தமே இல்லாமல், போர்வை மொத்தமும் அசைய, கண்ணோரம் நீர் வழிய, சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அந்த வீடு பார்த்ததில்லை.

“குளிரே... படலையாமா,” என்றார்.

“படலையாம்ப்பா.”

சிரிப்பு அடங்க வெகு நேரம் பிடித்தது. அடங்கிய பிறகும் அதன் கோடுகள் முகத்தில் அப்படியே இருந்தன.

லின்ஸி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புறங்கையைத் திருப்பி, அவர் உதட்டுக்கு முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தாள். தோலில் காற்று பட்டது. அவருடையதா, விசிறியுடையதா என்று தெரியவில்லை.

“அம்மா,” என்றாள்.

பெரில் எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள்.

இறக்கைகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. லின்ஸியின் புறங்கையில் காற்று நின்றது. ஜன்னலின் வலைத் திரை ஒரு முறை ஆடியது. இன்னொரு முறை, லேசாக. அப்புறம் நேராக, இழை அசையாமல் தொங்கியது.