தகட்டில் தடவிய எண்ணெய்

சாந்தம்மாளுக்கு அந்தச் சைக்கிளைக் கண்டாலே ஆகாது. ஊரில் அவனவன் சைக்கிளை விட்டு பைக்குக்கு ஏறுகிறான், பைக்கை விட்டு காருக்கு ஏறுகிறான். அவள் பெற்ற மகன் ஈஸ்வரன் மட்டும் நல்லா ஓடிக்கொண்டிருந்த பைக்கை விற்றுவிட்டு, ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டிலும் விரல் தண்டி டயருமாக ஒரு ரோடு சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். கம்பத்தில் ஒரு மருந்து ஏஜென்சியில் அவனுக்கு வேலை. கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் எடுக்க வேண்டும். லாரியும் ஆட்டோவும் அடைத்துக் கிடக்கிற மார்க்கெட் ரோட்டில் பைக்குக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது இவன் சந்து பார்த்து நுழைந்து அடுத்த கடைக்குப் போய்விடுவானாம். அதெல்லாம் சரி. ஆனால் தினமும் காலையில் குமுளியிலிருந்து அந்த மலை ரோட்டில், கொண்டை ஊசி வளைவுகளில், அந்தச் சைக்கிளில் அல்லவா இறங்குகிறான். எந்தத் தாய்க்கு வயிறு எரியாது?

சாயங்காலம் பயமில்லை. அவள் புருஷன் பிச்சைமணி ஜீப் ஓட்டுகிறவர். கம்பத்துப் பெண்களை ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காலையில் ஏற்றி வந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். திரும்பும்போது ஜீப்பின் மேலே சைக்கிளைக் கட்டி மகனையும் ஏற்றி வந்துவிடுவார்.

வாங்கியதிலிருந்து மூன்று மாதமாக அந்தச் சைக்கிளை அவள் விரலால்கூடத் தொட்டதில்லை. ஆயுத பூஜை வந்தது. அரிவாள், கத்தி, ஜீப்பின் ஸ்பேனர் எல்லாம் சாமிக்கு முன்னால் இருக்க, அது மட்டும் திண்டாடித் தெருவில் நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் பிள்ளைக்குச் சோறு போடுகிற ஆயுதம். உள்ளே கொண்டுவந்து துடைத்தாள். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். கவாத்துக் கத்தியைத் தேங்காயெண்ணெய் பூசாமல் பூஜையில் வைத்தால் அவள் அப்பன் சோறு உண்ணமாட்டார். இரும்பு என்றால் எண்ணெய். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இரண்டு சக்கரத்தின் நடுவிலும் ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு இருந்தது. அதை முகம் தெரிகிற அளவுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்து, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஈஸ்வரன் பூசி முடித்த பிறகுதான் வந்தான். பொட்டைப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

விஜயதசமி கழிந்து மறுநாள் எல்லோருக்கும் வேலை. ஈஸ்வரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவள் வேலை பார்க்கிற ஏலக்காய் ஸ்டோர் வரைக்கும் அவளோடு பேசியபடி வந்தான். "செக்போஸ்ட்ல ஒரு டீ குடிச்சிட்டு இறங்குறேம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

சாந்தம்மாளுக்கு உச்சி குளிர்ந்திருந்தது. ஸ்டோருக்குள் போய், பக்கத்தில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற டின்சியிடம் பீற்றிக்கொண்டாள். டின்சியின் அண்ணனும் இதே மாதிரி சைக்கிள்தான் வைத்திருக்கிறான். "உங்கண்ணன் சைக்கிளு என் மகன் சைக்கிளு மாதிரி மின்னுமா? அந்தச் சக்கரத்துத் தகட்டுக்கே அரைக்கிண்ணம் எண்ணெய் போட்டுத் தேச்சேன்."

டின்சியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"சேச்சி, அந்தத் தகட்டைப் பிடிச்சுத்தான் பிரேக் நிக்கும். அதுல எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்காது. ஈஸ்வரன் எங்க?"

சாந்தம்மாள் மகனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான். எடுக்காதே என்று சத்தியம் வாங்கியவளே அவள்தான். முறத்தைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். பிச்சைமணி அப்போதுதான் பெண்களை இறக்கிவிட்டு ஜீப்பில் சாய்ந்து பீடி பற்ற வைத்திருந்தார்.

"ஏங்க, வண்டிய எடுங்க. பய இறங்கிட்டான். சைக்கிள்ல பிரேக்கு சரியில்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டின்சி சொன்னா. எடுங்கன்னா எடுங்க."

ஏன் சரியில்லை என்பதைச் சொல்ல நாக்கு வரவில்லை. பிச்சைமணியும் கேட்கவில்லை. பீடியை எறிந்துவிட்டு எடுத்தார்.

செக்போஸ்ட் வரைக்கும் சமதரை, பிரேக்குக்கு வேலையில்லை. அங்கே டீக்கடையில் ஈஸ்வரன் இல்லை. "இப்பத்தான், கிளாஸ வச்சிட்டுப் போறாப்ல" என்றார் டீ மாஸ்டர். ஜீப் இறக்கத்தில் இறங்கியது. முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன் ஆமையாய் ஊர்ந்தது. பிச்சைமணி ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. வேன்காரன் ஒதுங்கினால்தானே? எதிரே தோட்டத்து ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வளைவிலும் சாந்தம்மாள் தலையை வெளியே நீட்டி, ரோட்டைப் பார்க்காமல் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தைத்தான் பார்த்தாள். தப்பு செய்தது இந்தக் கை. இந்தக் கைக்குக் கொள்ளி வைக்க. போன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரு வளைவில் நாலைந்து பேர் சுவரோரம் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் "நிறுத்துங்க" என்பதற்குள் பிச்சைமணியே நிறுத்திவிட்டார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. எட்டிப் பார்த்தவர்களில் ஒருத்தன் திரும்பி, "ஒண்ணுமில்லண்ணே, குரங்கு பைய தூக்கிட்டு ஓடிருச்சு" என்றான். பிச்சைமணி அவனை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி எடுத்தார்.

மின்சாரத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்கள் தெரிகிற வளைவைத் தாண்டியதும், மலைப்பக்கத்து மழைத்தண்ணீர்க் கானில் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஈஸ்வரன் உட்கார்ந்திருந்தான். முழங்கையெல்லாம் தோல் உரிந்து ரத்தம். ஒரு ஷூவின் அடி தேய்ந்து வாயைப் பிளந்திருந்தது. பள்ளத்துப் பக்கம் போகாமல், காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கானுக்குள் விட்டிருக்கிறான். உயிரோடு இருக்கிறான். சாந்தம்மாள் இறங்கி ஓடிப்போய் அவன் தலையை, தோளை, காலை எல்லாம் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. ரோட்டுல மணலு. வழுக்கிருச்சு."

பிச்சைமணிக்குப் பயம் முழுக்கக் கோபமாக மாறியிருந்தது. "மணலா? பிரேக்க ஒழுங்காப் பாத்து வைக்கத் துப்பில்ல, மணலு மேல பழி போடுறியா? உங்கம்மா அன்னைக்கே சொன்னா. கேட்டியா? இன்னைக்கே இத வித்துத் தலைமுழுகு. இனிமே பஸ்லதான் போகணும். என்ன?"

ஈஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். "சரிப்பா. வித்துர்றேன்."

அப்போதுதான் சாந்தம்மாள் அவன் சட்டை நுனியைப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு, நடுவில் குங்குமச் சிவப்பு. எடுத்து முகர்ந்தாள். தேங்காயெண்ணெய். விழுந்த பிறகு இவன் தகட்டைத் துடைத்துப் பார்த்திருக்கிறான். எதனால் விழுந்தோம் என்று இவனுக்கு நன்றாகவே தெரியும்.

அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சைக்கிள் போய்விடும். மூன்று மாதமாக எந்தச் சாமியிடம் எதை வேண்டினாளோ, அது கைமேல் பலித்துவிடும். நிற்கலாம் என்றுகூடத் தோன்றியது. பொய் சொல்வானேன்.

"அவன ஏசாதீங்க" என்றாள். "பிரேக்குத் தகட்டுல எண்ணெய் பூசினது நான்தான். பூஜைக்கு. கத்திக்குப் பூசுற மாதிரி பூசிட்டேன்."

பிச்சைமணி அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, தான் ஓட்டி வந்த ஜீப்பைப் பார்த்தார்.

"இதுக்கு எங்கெங்க பூசின?"

"இதுக்குப் பொட்டு மட்டுந்தான்."

அவர் நம்பவில்லை. ரோட்டில் மண்டி போட்டு நாலு சக்கரத்துக்கும் பின்னால் கையை விட்டுத் தடவித் தடவி முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

சாந்தம்மாள் மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சும் ஏன்டா மணலுன்ன?"

ஈஸ்வரன் ஷூவின் பிளந்த வாயை அழுத்தி மூடிக்கொண்டிருந்தான். "மூணு மாசம் கழிச்சு முந்தாநாள்தானம்மா நீ அதத் தொட்ட. இதச் சொன்னா இனிமே தொடவே மாட்ட."

அவளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவன் கையை ஊன்றி எழப் பார்த்தான். "நீ உக்காரு, ரத்தம் ஒழுகுது" என்று அமர்த்திவிட்டுக் கானுக்குள் இறங்கினாள். தகட்டில் கை பட்டுவிடாமல் ஒதுக்கிப் பிடித்து, சைக்கிளைத் தானே தூக்கினாள்.