அட்டுவம்பட்டிப் பாறைச் செடி

செடி பூத்துவிட்டது என்ற சேதியை ஆசியா முதல் நாளே கன்னிவாடிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அதுதான் அவள் செய்த அவசரம். சுதாராணி டீச்சர் வந்து பார்க்கும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் புருசன் மவுத்தாகி ஒன்றரை வருடம் கழித்து அவர் வைத்த செடி பூத்தால் எவளுக்குத்தான் பொறுமை இருக்கும்? நாத்தனார் சாஹிரா போனிலேயே அழுதாள். "நாளைக்கு வெள்ளனே கெளம்பி வாரேன் மதினி. அண்ணன் பூவ நான் பாக்கணும்" என்றாள்.

அவள் புருசன் ஜலாலுதீன், பஜாரில் கடை வைத்து ஆணியும் தாழ்ப்பாளும் விற்றவர். பூச்சி தின்கிற செடிகளின் மேல் எங்கிருந்தோ ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. அட்டுவம்பட்டியில் ஒரு காட்டேஜுக்குக் கதவு அளவெடுக்கப் போனவர், தண்ணீர் கசியும் பாறையில் நகக்கண் அளவுக்குக் கருநீலப் பூ ஒன்றைப் பார்த்து, உள்ளங்கை அகலத்துக்குப் பாசியோடு பெயர்த்து வந்தார். போனில் எடுத்த படம் கலங்கலாக விழுந்தது. மறுவருடம் அந்தப் பாறையை உடைத்து கார் நிறுத்த இடம் பண்ணிவிட்டார்கள். கல்லூரியில் தாவரவியல் எடுக்கும் சுதாராணி டீச்சர், "மறுபடி பூக்கட்டும், அப்பத்தான் சொல்ல முடியும். யாருமே பேர் வைக்காததாக்கூட இருக்கலாம்" என்று சொல்லித் தொலைத்தார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டே மனுசன் மூன்று வருடம் ஓட்டினார். குழாய்த் தண்ணீர் பட்டால் செத்துவிடுமென்று மழைத் தண்ணீரையெல்லாம் டிரம்மில் பிடித்துச் செடிக்கு வைத்துக்கொள்வார். வீட்டுக்கு லாரித் தண்ணீர். அதற்காக ஆசியா போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

பார்வைக்கு அது ஒன்றுமேயில்லை. மண்ணுக்கு மேலே நாலு பச்சைத் துணுக்கு. மண்ணுக்குள் நூல் நூலாக ஓடி, கசகசாவைவிடச் சின்னப் பைகளை வைத்துக்கொண்டு, ஈரத்தில் நெளிகிற உயிர்களை உறிஞ்சித் தின்னும். மூன்று வருடமும் அது பூக்கவில்லை. அவர் போய்விட்டார். செடிகள் கடையின் மொட்டைமாடியில் கிடந்தன. புருசனை இழந்தவளாக இத்தா இருக்கும் ஆசியா நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்ட முடியாது. காய்ந்துபோகுமே என்று சாஹிராதான் ஆட்டோவில் இரண்டு நடையாகத் தொட்டிகளைக் கொண்டுவந்தாள். பின்னறை ஜன்னலோரம் ஒரே நீல டப்பில் மழைத் தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் நெருக்கியடித்து வைத்தார்கள். அந்த நாட்களில் ஆசியாவுக்கு வேறு சோலியில்லை. அவற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அட்டுவம்பட்டிச் செடியின் தொட்டியில் பதினேழு பூ. வெளிர் வெள்ளை, நடுவில் மஞ்சள் பொட்டு. வீட்டுக்குள் வெயில் போதாமல் நீலம் வெளுத்திருக்கும் என்று ஆசியா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். போன் போட்ட மறுநாள் காலையிலேயே வந்த டீச்சர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா, இது அவர் கொண்டுவந்த செடி இல்ல."

"அதே தொட்டிதான் டீச்சர். அவுக எழுதுன அட்டை சொருகியிருக்கு, பாருங்க."

"தொட்டி அதுதான். செடி வெளிநாட்டுக் களை. பெங்களூர்லருந்து ஒரு தொட்டி வாங்கினாருல்ல, அதோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. வெதை தூசி மாதிரி இருக்கும், தண்ணியில மெதந்தே அடுத்த தொட்டிக்குப் போயிரும். அதுக்குத்தான் அவர் அந்த பெங்களூர்த் தொட்டிய மட்டும் கடை மாடியில தண்ணி டேங்குக்கு அந்தப் பக்கம் தள்ளி வச்சிருந்தாரு. எப்பக்கா எல்லாம் ஒண்ணாச் சேந்துச்சு?"

ஆசியா டப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இத்தா இருந்தப்ப" என்றாள்.

டீச்சர் லென்ஸைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"அவுக செடி உள்ள உசுரோட இருக்குமா?"

"இருக்கலாம். எலைய வச்சு எனக்கே சொல்லத் தெரியாது. அது பூக்கணும்னா இது இருக்கக் கூடாது. பூவையும் காயையும் ஒண்ணு விடாம இன்னைக்கே கிள்ளிருங்க, வெதை விழாட்டி இது தன்னால அத்துப்போகும். அடியில காய் பழுத்திருக்கு, தொட்டாலே வெதை கொட்டும். தண்ணிக்கு மேல ஆட்டாம, துணிய அணைச்சுப் பிடிச்சுக் கிள்ளுங்க."

டீச்சரை அனுப்பிவிட்டு வந்து, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அணைகொடுத்து, ஆசியா கிள்ளத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக, காயோடு, இடது கைக்குள் பொத்திக்கொண்டாள். பதினாறு ஆயிற்று. கடைசிப் பூவில் விரல் வைத்தபோது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

"மதினி, எங்க இருக்கீக?"

விரல் தானாக விலகிவிட்டது. சாஹிரா பர்தாவைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் வந்து குத்தவைத்தாள். ஒற்றைப் பூவைப் பார்த்ததும் அவளுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் அண்ணனக் கேலி பேசுனாங்கல்ல. நானுந்தான் பேசுனேன்." மூக்கை உறிஞ்சினாள். "அண்ணன் நீலம்னு சொல்லுச்சு. உத்துப் பாத்தா லேசா நீலம் ஓடத்தான் செய்யுது, இல்ல மதினி?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆசியா வாயைத் திறந்தாள். "ஓடுது" என்றாள்.

சாஹிரா ஒரு விரலை நீட்டி, கைக்குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல அந்தப் பூவைத் தடவினாள். தண்டு வளைந்து நிமிர்ந்தது. அடியிலிருந்து பழுப்பாகத் தூசி போல ஏதோ உதிர்ந்து தண்ணீரில் பரவியது. ஆசியா பொத்திய கையைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.