சக்களத்திக்கு உப்பு

என் சக்களத்தி உள்ளங்கை அகலத் தட்டில் குடியிருக்கிறாள். கிண்டல் இல்லை. போன ஞாயிறு நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தேன். எனக்கு ஒரு வாய் வெந்நீர் வைத்துத் தராத மனுஷன், அவளுக்குச் சாப்பாடு மாற்ற ஆய்வகத்துக்கு ஓடினார்.

"நரம்பு செல். நாள் தவறினா செத்துடும்."

நான் சாகமாட்டேன் என்று இவருக்கு யார் சொன்னது? திரும்பி வந்ததும், "இன்னைக்கு அவ நல்லா இருக்கா" என்றார். பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு உறையில் இரண்டு கத்தி எத்தனை நாள் இருக்கும்? நேற்று நேரே ஆய்வகத்துக்கே போய் நின்றேன்.

"உங்க ஆளைக் காட்டுங்க."

முகம் வெளிறிப்போய், நுண்ணோக்கியை விட்டு நகர்ந்தார். முதல் தட்டில் செல்கள் நூல் நூலாகக் கை நீட்டி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அழகிதான். அதற்கும் வயிறு எரிந்தது. அடுத்த தட்டில் நூலெல்லாம் அறுந்து, செல்கள் சுருங்கிக் கிடந்தன.

"இவ யாரு?"

"ரெண்டும் ஒருத்திதான். நூலுக்குள்ள சரக்கு போய்வர்ற தண்டவாளத்தை ஒரு புரதம் இறுக்கிப் பிடிச்சிருக்கணும். இன்னொரு புரதம் இந்தப் புரதத்துமேல பாஸ்பேட்டை ஒட்டிக்கிட்டே இருந்தா, பிடி நழுவி முடிச்சு முடிச்சா சுருண்டுடும். லித்தியம் உப்பு அந்த ஒட்டுற கையைத் தடுக்குது. முதல் தட்டுல உப்பு போட்டிருக்கேன்."

"யாரோட செல்லு இது?"

அவர் கண் என் முழங்கைக்குக் கீழே போனது. அங்கே மிளகளவு தழும்பு. அப்பா என் பெயரை மறந்த வருஷம், ஆராய்ச்சிக்கென்று தோல் கிள்ளிக் கொடுத்த இடம். அந்தத் தோலைத்தான் நரம்பு செல்லாக மாற்றி வளர்த்திருக்கிறார்.

"அப்பாவுக்கு வந்த மறதி நோய் எனக்கும் வரும். அப்படித்தானே?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றார்.

"அந்த உப்பு எனக்கும் பலிக்குமா?"

"மனுஷங்களுக்குப் பலிக்குமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

இன்று விடுமுறை. நான் இத்தனை நாள் ஆசைப்பட்டபடியே, மனுஷன் என் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அவளுக்கு உப்பு கிடைத்துவிட்டது, எனக்கு இன்னும் இல்லை.

சட்டையை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"கிளம்புங்க. அவளைப் பட்டினி போடாதீங்க."